மாடியில் காய்ந்த பட்டை

தோல் கம்பெனி வேலை முடிந்து வந்த நாலாவது மாடிப் பெண் லிஃப்டுக்குள் நுழைந்ததும் ஈரத்தோல் நாற்றம் அடித்தது. என் கை தானாக மூக்குக்குப் போயிற்று.

நான் சிறுவனாக இருந்த அறுபதுகளில் ஆம்பூரில் எங்கள் வரிசை வீடுகளை இடித்து, கீழே கடைகளும் மேலே வீடுகளுமாகக் கட்டினார்கள். அப்பா தோல் பதனிடும் தொட்டியில் ஊறிக் கழிந்த ஆவாரம்பட்டையை அடுப்பெரிக்கக் கொண்டுவருவார். பழைய வாசலில் காயவைத்தது போலவே அம்மா அதை மாடியில் பரப்பினாள். பட்டைச்சாறு சுவரில் வழிந்து, ஜவுளிக்கடையில் தொங்கிய வெள்ளை வேட்டிகளில் இறங்கியது.

"இன்னா நாத்தம் இது? யார் வீட்டுது?" என்று கடைக்காரர் கத்தினார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"எங்க வீட்டுதுதாங்க" என்றார் அப்பா. அன்றிலிருந்து தோல் வேலை முடிந்ததும் பாலாற்று ஊற்றில் குளித்து, ஈரத் தலையோடுதான் அவர் படியேறினார்.

மூக்கிலிருந்து நான் கையை எடுப்பதற்குள் அந்தப் பெண் லிஃப்டை விட்டு இறங்கிவிட்டாள்.

"நீங்க போங்க சார். நான் படியில வர்றேன்."