ஃபைலக்காவும் வலது கைத் தழும்பும்

அந்தத் தெருவில் கப்பல் வேலைக்குப் போகும் ஆண்கள் இருபத்திரண்டு பேர். தன் மருத்துவச் சான்றிதழ் என்றைக்குக் காலாவதியாகிறது என்று அவர்களில் ஒருவருக்காவது தெரியுமா என்றால், தெரியாது. கேட்டால் எல்லோரும் தையல் மெஷின் சத்தம் வரும் மாடி வீட்டைக் காட்டுவார்கள். அங்கே இருக்கும் ஃபைலக்காவுக்குத் தெரியும், போய்க் கேட்டுக்கொள் என்பார்கள்.

ஃபைலக்காவின் பிழைப்பு தையல். கோட்டும் சீருடையும் அவள் கைக்கு நன்றாக வரும். ஃபைல் என்பது தெரு கொடுத்த பட்டம். அதற்குக் காரணம் அவள் வீட்டுக்காரர்தான்.

கல்யாணமான முதல் வருஷம், கப்பலேறப் போகிறேன் என்று கிளம்பிய மனுஷன் மூன்றாம் நாளே பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றார். மருத்துவச் சான்றிதழ் காலாவதியாகி நான்கு நாள் ஆகியிருந்ததாம். துறைமுகத்துக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கேவலம் ஒரு காகிதம், தன் வீட்டுக்காரரைப் பெட்டியோடு திருப்பி அனுப்புவதா? அன்றைக்கே அவருடைய காகிதங்களை எல்லாம் பிடுங்கி மஞ்சள் ஃபைல் ஒன்றில் போட்டாள். அதற்கப்புறம் பதினெட்டு வருஷத்தில் ஒரு கேட்டிலும் அவர் நின்றதில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்தார்கள். "அக்கா, எங்க வீட்டுக்காரர் பேப்பரையும் கொஞ்சம் பாருங்களேன்" என்று ஒருத்தி வந்தாள், அப்புறம் இன்னொருத்தி வந்தாள். இப்போது துணி அலமாரியில் பாதி துணி, பாதி ஃபைல். காது தெரிகிற மாதிரி எடுத்த போட்டோ எட்டு, தடுப்பூசி அட்டை, தீயணைப்புப் பயிற்சிச் சான்றிதழ், எந்தக் கப்பலில் எத்தனை நாள் வேலை செய்தார் என்ற கடிதங்கள், எல்லாவற்றுக்கும் மேலே மாலுமிப் புத்தகத்தின் முதல் பக்க நகல். அந்தப் புத்தகம் இல்லாமல் ஒருத்தர் கப்பல் படியில் கால் வைக்க முடியாது. காலாவதித் தேதிகளை மெஷின் இழுப்பறையின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் கப்பலில் ஆயில்மேன். இன்ஜின் அறையில் எண்ணெய் விடுவது, துடைப்பது, சூட்டைப் பார்த்துக் குறிப்பது அவர் வேலை. தெருவிலும் அவருக்கு ஆயில்மேன் என்றே பேர். ஆனால் பதினொரு வருஷமாக மனுஷனுக்கு ஒரே ஆசை: இன்ஜினியர் லைசென்ஸ் வாங்க வேண்டும். மூன்று முறை பரீட்சை எழுதிக் கோட்டை விட்டார். நான்காவது முறை அவள் மெஷினை மிதித்துக்கொண்டே கேள்வி கேட்டாள்.

"பம்பு ஓடுது, தண்ணி ஏறல. முதல்ல என்ன பாப்பீங்க?"

"வால்வு திறந்திருக்கான்னு பாப்பேன்."

"திறந்திருக்கு."

"அப்போ எங்கயோ காத்து புகுந்திருக்கு."

இப்படியே நாலு மாதம். கடைசியில் அந்தப் பரீட்சையை அவளே எழுதியிருந்தாலும் தேறியிருப்பாள். அவர் தேறிவிட்டார். கப்பல் கம்பெனியும் நாலாம் இன்ஜினியர் வேலை தருவதாகச் சொன்னது. ஒரே ஒரு நிபந்தனை, இருபதாம் தேதிக்குள் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து இன்னொருவர் காத்திருக்கிறார். அன்று தேதி ஒன்பது.

லைசென்ஸுக்குப் புதிதாக ஒரு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அரசு அங்கீகரித்த பழைய டாக்டர் ஓய்வு பெற்று, புது டாக்டரம்மா வந்திருந்தார். கண்ணைச் சோதித்தார், காதைச் சோதித்தார், மூச்சை இழுக்கச் சொன்னார். எல்லாம் பிரமாதம். கடைசியில் அங்க அடையாளம் என்ற வரிக்கு வந்தபோது பேனா நின்றது.

"மாலுமிப் புத்தகத்துல இடது முன்கையில தழும்புன்னு போட்டிருக்கு. இடது கையில ஒண்ணுமே இல்லையே?"

"அது வலது கையிலங்க டாக்டர்" என்று ஆயில்மேன் சட்டைக் கையை மடக்கிக் காட்டினார். சின்ன வயதில் சைக்கிள் மட்கார்டு கிழித்த தழும்பு, இருப்பது வலது கையில்தான்.

"இத்தனை வருஷமா யாருமே பாக்கலையா?"

யார் பார்த்தார்கள்? இதுவரை சான்றிதழ் கொடுத்தவர்கள் எல்லோரும் புத்தகத்தில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியவர்கள். இந்த அம்மாதான் முதன்முதலாகக் கையைப் பார்த்தார். "நான் கண்ணால பாத்ததைத்தான் எழுதுவேன்" என்று சொல்லி, வலது முன்கை என்றே எழுதினார். அவர்மேல் குற்றம் சொல்ல வழியில்லை.

மாலுமிப் புத்தகமும் லைசென்ஸும் கொடுக்கும் அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"புத்தகத்துல இடது. மெடிக்கல்ல வலது. ஒண்ணு கை மாறியிருக்கணும், இல்ல ஆள் மாறியிருக்கணும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஃபைலக்காவுக்குச் சுருக்கென்றது. "சார், பதினெட்டு வருஷமா இவரோட குடும்பம் நடத்தறேன். ஆள் மாறலைங்க."

"அதுக்கு நீங்க சர்டிபிகேட் கொடுக்க முடியாதும்மா. திருத்த மனு போடுங்க. விசாரணை நடந்து வர மூணு மாசம் ஆகும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆயில்மேன் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "விடு. ஆயில்மேனாவே போய்ட்டு வரேன். அதுவும் வேலைதானே."

அந்தக் குரலை அவளால் தாங்க முடியவில்லை. மூன்று முறை தோற்றபோதுகூட அவர் அப்படிப் பேசியதில்லை. அதைவிடவும் அவளைக் குடைந்தது இன்னொன்று. ஊரார் ஃபைலில் ஒரு சீல் மங்கினாலும் கண்டுபிடிக்கிறவள், தினம் கண்ணெதிரே இருந்த கையையும் அந்த ஒரு வரியையும் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லையே. தப்பு தன்னுடையது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. "நான் விடறதா இல்ல" என்றாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கோட்டுக்கு அளவு பார்க்க வந்தார். கனத்த உடம்பு, வலது தோள் கொஞ்சம் இறக்கம். ஃபைலக்கா வழக்கம்போல அவருக்குப் பின்னால் போய் நின்று, குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். அவள் யாருக்கும் முன்னால் நின்று தோள் அளவு எடுப்பதில்லை. தொழில் பழகிய புதிதில் ஒருவருக்கு எதிரே நின்று பார்த்து, இறங்கிய தோளுக்கு வைக்க வேண்டிய பஞ்சை ஏறிய தோளில் வைத்துத் தைத்துவிட்டாள். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்த அலமாரி மாதிரி நின்றார். எதிரே நிற்கிறவருடைய இடது நம்முடைய வலது பக்கம் இருக்கிறது, அவசரத்தில் கை தானாகத் தப்பாகக் குறித்துவிடுகிறது. அன்றிலிருந்து பின்னால்தான்.

வாத்தியாரின் வலது தோளில் வைத்த கை அப்படியே நின்றது.

மாலுமிப் புத்தகம் எழுதுகிறவர் எங்கே உட்கார்ந்து எழுதுவார்? மேஜைக்கு அந்தப் பக்கம். எதிரே!

"சார், அப்படியே நில்லுங்க. அசையாதீங்க, ஊசி குத்தும்" என்று சொல்லிவிட்டு அலமாரிக்கு ஓடினாள். பாவம் அந்த வாத்தியார், இரண்டு கையையும் பரத்திக்கொண்டு கால் மணி நேரம் நின்றார்.

எதிரே உட்கார்ந்து எழுதிய ஒருவர் ஒரே ஒரு தப்பா செய்திருப்பார்? தன் வீட்டுக்காரருக்குப் புத்தகம் கொடுத்த அதே வருஷம், அதே கையெழுத்து. எலி வால் மாதிரி நீண்ட கையெழுத்து அது. அலமாரியில் இருந்த நகல்களைப் புரட்டியதில் அதே வால் இன்னும் ஒன்பது புத்தகத்தில் இருந்தது. அதில் இரண்டு பேருக்கு நெற்றி நடுவிலும் தாடையிலும் அடையாளம், அது எந்தப் பக்கமும் சேராது. மீதி ஏழு.

அன்று மத்தியானம் தெருவில் நடந்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஃபைலக்கா வீடு வீடாக ஏறிப்போய், கதவைத் திறந்த பெண்களிடம் ஒரே கேள்வி கேட்டாள்.

"உன் வீட்டுக்காரருக்கு மச்சம் எந்தப் பக்கம்?"

கப்பல் சமையல்காரரின் மனைவி கண்ணைச் சுருக்கினாள். "அதை நீங்க எதுக்குக்கா கேக்கறீங்க?"

"கன்னத்து மச்சம்டி! தெருவே பாக்கற மச்சம்."

"அதுவா... இடது கன்னம்."

புத்தகத்தில் வலது கன்னம்.

இரண்டு பேர் நடுக்கடலில் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு மச்சம் இடுப்பில். அவர் மனைவி, "உங்க மச்சம் எந்தப் பக்கம்னு உடனே போட்டோ எடுத்து அனுப்புங்க, அவசரம்" என்று போனில் செய்தி அனுப்பினாள். கப்பலில் அவர் என்ன நினைத்தாரோ, பத்து நிமிஷத்தில் பதறியடித்துக் கூப்பிட்டார். "என்னடி ஆச்சு உனக்கு?"

சாயங்காலத்துக்குள் ஏழு பேருக்கும் பதில் வந்துவிட்டது. ஏழுமே பக்கம் மாறித்தான் எழுதியிருந்தது.

பதினான்காம் தேதி, கரையில் இருந்த ஐந்து பேரையும் ஆயில்மேனையும் அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னல் பக்கம் போகவில்லை. நேரே பெரிய அதிகாரியின் அறைக்குப் போனாள். வாசலில் இருந்தவர் மறித்தார். "என்ன கூட்டம்? புகாரா?"

"புகார் இல்லைங்க. உங்க ஆபீஸ் தொலைச்ச ஒண்ணைக் கண்டுபிடிச்சுக் கொண்டு வந்திருக்கோம்."

பெரிய அதிகாரி ஒரு காலத்தில் கப்பல் கேப்டனாக இருந்தவர். அவள் நகல்களை வரிசையாக மேஜையில் பரப்பிச் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துத் தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது உங்க ஊகம்மா. எழுதினவர் இப்ப உயிரோட இல்ல. நான் எதை வச்சு நம்பறது?"

"என்னை நம்ப வேண்டாங்க சார். வெளியில யாரையாவது கூப்பிடுங்க. விஷயத்தைச் சொல்லாதீங்க. இந்த அஞ்சு பேரோட அடையாளத்தையும் எதிர்ல உக்காந்து எழுதச் சொல்லுங்க."

அதிகாரி அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு மணியை அடித்தார். வந்து நின்றது யார் என்கிறீர்கள்? சாட்சாத் அந்த ஜன்னல்காரர்.

ஃபைலக்காவைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. தன்மேல் புகார் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். அதனாலேயே, தான் எவ்வளவு சுறுசுறுப்பானவன் என்று காட்டும் வேகத்தில் உட்கார்ந்தார். ஐந்து பேரும் எதிரே வரிசையாக நின்றார்கள். பார்த்தார், எழுதினார், பார்த்தார், எழுதினார். மூன்றே நிமிஷம். தாளை நீட்டினார்.

அதிகாரி எழுந்து அந்த ஐந்து பேருக்கும் பின்னால் போய் நின்றார். ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு, தாளைப் பார்த்து, தலையை நீட்டி அடையாளத்தைப் பார்த்தார். சமையல்காரரிடம் வந்தபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வலது கன்னத்துல மச்சம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார், அதோ இருக்கே."

சமையல்காரர் மெதுவாகத் தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். ஐந்தில் மூன்று தப்பு.

ஃபைலக்கா பேசாமல் இருந்திருக்கலாம். பெருந்தன்மை என்று ஒன்று இருக்கிறது. ஆனால் ஐந்து நாளாக அந்த வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

"என்னங்க சார்," என்றாள் ஜன்னல்காரரைப் பார்த்து, "கன்னம் மாறிடுச்சா, ஆள் மாறிட்டாரா?"

முதலில் சிரித்தது அதிகாரிதான். அப்புறம் அறையே சிரித்தது. ஜன்னல்காரரும் காது சிவக்கச் சிரித்துவிட்டார், அதை அவர் கணக்கில் வைக்கத்தான் வேண்டும்.

அலுவலகமே செய்த பிழை என்றால் விசாரணை தேவையில்லை, தலைமை அதிகாரியே திருத்தலாம் என்று விதியில் இடம் இருந்தது. அவர் அன்றைக்கே உத்தரவு எழுதினார். கொண்டுவந்திருந்த ஆறு புத்தகத்திலும் சிவப்பு மையில் கோடு, பக்கத்தில் கையெழுத்து, மேலே சீல். கடலில் இருக்கும் இரண்டு பேருக்கும் கரை வந்ததும் திருத்தம்.

பதினேழாம் தேதி லைசென்ஸ் அச்சாகி வந்தது. ஜன்னலுக்கு முன்னால் ஆயில்மேன் கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"இன்ஜினியர் சார், இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார் ஜன்னல்காரர்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று ஆயில்மேன் திரும்பிப் பின்னால் பார்த்தார். "உங்களைத்தாங்க" என்று ஃபைலக்கா அவர் முதுகில் தட்டினாள். அவர் வலது கையால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். சட்டைக் கை மேலேறி, தழும்பு எல்லோரும் பார்க்கத் தெரிந்தது. ஃபைலக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்தொன்பதாம் தேதி, போன முறைகளைவிடக் கனமான பெட்டியோடு அவர் கப்பலேறினார். அதில் அவள் தைத்த இன்ஜினியர் சீருடை இருந்தது. இரண்டு தோளும் சரியாக உட்கார்ந்தன.

இரண்டு மாதம் கழித்து, கல்யாணமாகிப் புதிதாகத் தெருவுக்கு வந்த பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி மாடி ஏறி வந்தாள். "அக்கா, எங்க வீட்டுக்காரர் புதுசாப் புத்தகம் எடுக்கறார். இந்த ஃபாரத்தைச் சரியான்னு பாக்கறீங்களா?"

ஃபைலக்கா மெஷினை நிறுத்திவிட்டு வாங்கிப் பார்த்தாள். புது ஃபாரம். அங்க அடையாளம் என்ற வரிக்குக் கீழே, முன்பு இல்லாத ஒரு வரி பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது:

'எழுதும் அலுவலர் இருக்கையை விட்டு எழுந்து, விண்ணப்பதாரரின் பின்னால் நின்று, வலது இடது சரிபார்த்த பிறகே எழுத வேண்டும்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அந்த ஜன்னல்காரர் ஒவ்வொரு மாலுமிக்கும் நாற்காலியை விட்டு எழுந்து, கதவைத் திறந்து, சுற்றிக்கொண்டு வந்து பின்னால் நிற்பது அவள் கண்ணில் தெரிந்தது. ஃபாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு கீழே தெருவரைக்கும் கேட்டது.