மேல்குரலும் கீழ்க்குரலும்

ஃபிஜித் தலைநகர் சூவாவை ஒட்டியிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் சேர்ந்த வருஷம், சங்கீதத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்த இந்தியப் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். வீடு ட்ராசாவில், அப்பாவுக்கு லௌடோகா சர்க்கரை மில்லில் ஃபிட்டர் வேலை. இன்னொருத்தி நவுசோரிக்குப் பக்கத்தில் வுனிமோனோவிலிருந்து வந்த முஸ்லிம் பெண். அவள் தாத்தாவும் என் தாத்தாவைப் போல மெட்ராஸில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்தான். விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை கொடுத்தார்கள். மற்றவர்களோடு இந்தியும் இங்கிலீஷும் பேசுவோம். பிறர் காதில் விழக்கூடாததை மட்டும் தமிழில். சமையலறையில் காதில் விழுந்து படிந்த தமிழ் அது. எங்கள் ரகசியங்களுக்கு அது போதுமாக இருந்தது.

பாடம் மூன்று பிரிவு: தியரி, பியானோ, குரல். மூன்றையும் நியூசிலாந்திலிருந்து வந்த ஒரே அம்மாள்தான் நடத்தினார். மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். உயரமானவர், கண்டிப்பானவர். சூவா மழையில் பியானோவுக்குள் ஈரம் ஏறிக் கட்டைகள் அமுங்கியபடியே நின்றுவிடும். அதற்காகப் பெட்டிக்குள் பகலும் இரவும் ஒரு மின்விளக்கை எரியவிட்டிருந்தார். அதை யாராவது அணைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்கக் கோபம்தான்.

தென்னிந்தியர் சங்கம் நடத்திய பள்ளிக்கூடத்தில் நான் பாடியிருக்கிறேன். அங்கே ஐம்பது பிள்ளைகளும் ஒரே மெட்டை ஒரே குரலில் பாடுவோம். பக்கத்தில் இருப்பவளை விட்டு விலகினால் தப்பு. கல்லூரியில் மிஸ் என் குரலைச் சோதித்துவிட்டு, "நீ ஆல்டோ, கீழ்க்குரல்" என்றார். என் தோழிக்கு மேல்குரல். பாட்டின் மெட்டு அவளுக்கு. எனக்கு அதன் அடியில் வேறொரு வரி. முதல் நாள் என் வரியைத் தனியாகப் பாடியபோது அது பாட்டாகவே இல்லை. அப்புறம் அவள் சேர்ந்துகொண்டாள். இரண்டு குரலும் தள்ளித் தள்ளி நின்று ஒன்றாக ஒலித்தபோது எனக்குக் கழுத்தெல்லாம் சிலிர்த்தது. அவள் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏண்டி, இதுக்குத்தான் ரெண்டு பேரு வேணுமா?"

அவள் வாப்பா நெல் பயிரிடுபவர். மகள் சங்கீதம் எடுத்ததில் அவருக்கு இஷ்டமில்லை. வாத்தியாரம்மா ஆவதற்கு இதுவும் ஒரு பாடம் என்று அவள் மன்றாடிச் சம்மதம் வாங்கியிருந்தாள். "கிளாஸ்ல பாடு. ஆம்பிளைங்க முன்னால மேடையில ஏறக்கூடாது" என்பது அவர் போட்ட நிபந்தனை. ஆனால் இரண்டாம் வருஷக் கடைசியில் குரல் பரீட்சை கல்லூரி ஹாலில்தான் நடக்கும். வெளியூர்ப் பரீட்சகர் வருவார். பெற்றோரும் வந்து உட்காரலாம். நாங்கள் இருவரும் ஒரு ஜோடிப் பாட்டுப் பாட வேண்டும். வாப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று மாதக்கணக்கில் தமிழிலேயே பேசிப் பேசி மாய்ந்தோம்.

சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

இரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் அவள் பாட்டு குலைய ஆரம்பித்தது. வரி முடிவதற்குள் மூச்சு வாங்கினாள். மிஸ் முதலில் கடிந்துகொண்டார். அப்புறம் அவளைச் சன்னல் பக்கம் நிறுத்தி, பின்னாலிருந்து இரண்டு உள்ளங்கைகளையும் அவள் விலாக்களில் வைத்து, "மூச்சை இழு" என்றார். மூச்சுப் பயிற்சியில் எல்லோருக்கும் செய்வதுதான். "இன்னும் ஒரு தடவை." அவள் இழுத்தாள். மிஸ்ஸின் முகம் மாறியதை எதிரே நின்ற நான் பார்த்தேன். அவருடைய வலது கை அசைந்தது. இடது கை வைத்த இடத்திலேயே இருந்தது.

அன்றைக்குப் பாடம் அதோடு நின்றது. மிஸ்ஸே தன் காரில் அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது பக்க நுரையீரலில் காசநோய். அந்த வாரமே மலைமேல் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். எனக்கும் விடுதிப் பெண்களுக்கும் படம் எடுத்துப் பார்த்தார்கள், யாருக்கும் ஒன்றுமில்லை. அவள் மெத்தையைக் கொண்டுபோய் எரித்தார்கள். அறையில் ஒரு கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் ஏறிப் போவேன். வராந்தாவில் வரிசையாகக் கட்டில்கள் போட்டிருக்கும். தள்ளி நின்றுதான் பேசலாம். அவள் பாடக்கூடாது, பலமாகச் சிரிக்கக்கூடாது, எழுந்து நடக்கக்கூடாது. ஊசி போட்டுப் போட்டு இடுப்பு மரத்துவிட்டது என்பாள். ஆனாலும் முதலில் கேட்பது பாடத்தைத்தான்.

"இந்த வாரம் என்ன நடத்துனாங்க?"

"ஹார்மனி. ரெண்டு குரலும் அஞ்சு சுரம் தள்ளி ஜோடியா நகரக்கூடாதாம்."

"ஏன் கூடாதாம்?"

"ரெண்டும் ஒண்ணா ஆயிடுமாம். ரெண்டு பேரு பாடுற மாதிரி இருக்காதாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பாள். மனதுக்குள் பாடிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். "ஆமா, அச்சா, சரிதான்" என்பாள் கொஞ்ச நேரம் கழித்து.

ஒரு ஞாயிறு, நான் திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசல் பஸ் நிறுத்தத்தில் அவள் வாப்பா நின்றுகொண்டிருந்தார். மகளுக்கு வேகவைத்த டாலோக் கிழங்கும் மீனும் கொண்டுவந்துவிட்டு, காலிப் பாத்திரத்தைத் துணியில் கட்டிக் கையில் வைத்திருந்தார். அதுவரை அவர் என்னோடு அதிகம் பேசியதில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"ஏம்மா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லணும். பாட்டாலதானா இந்த நோவு வந்திச்சு? மூச்சைப் புடிச்சுப் புடிச்சுப் பாடுனதாலயா?"

அவர் எத்தனை நாளாக இதை மனதில் வைத்துக்கொண்டு இந்த மலை ஏறி இறங்கினாரோ.

"இல்லீங்க வாப்பா," என்றேன். நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். "பாட்டாலதான் நோவு வெளிய தெரிஞ்சுது. மிஸ் கை வெச்சுப் பாத்தாங்க, ஒரு பக்கம் ஏறவே இல்ல. பாடாம இருந்திருந்தா இன்னும் ரொம்ப நாள் தெரியாமயே இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாராம்."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீராகவும் இருக்கலாம்.

பரீட்சை நெருங்கியது. மிஸ் என்னைக் கூப்பிட்டு, ஃபிஜியப் பெண் ஒருத்திக்கு நல்ல மேல்குரல், அவளோடு பாடு என்றார். அவள் என்னைவிட நன்றாகவே பாடுவாள். ஆனால் என் தோழியின் இடத்தில் இன்னொருத்தியை நிறுத்திப் பக்கத்தில் நின்று பாட எனக்கு மனம் வரவில்லை. "மேல்குரலை நீங்கள் பியானோவில் வாசிக்க முடியுமா?" என்று கேட்டேன். மதிப்பெண் குறையும் என்று எச்சரித்தார். குறையட்டும் என்றேன். கடைசியில் சரி என்றார்.

பரீட்சை அன்று மேடையில் ஏறி ஹாலைப் பார்த்தபோது திகைத்துப் போனேன். கடைசி வரிசையில், கதவோரம், தலையில் தொப்பியோடு அவள் வாப்பா உட்கார்ந்திருந்தார். நான் அழைக்கவில்லை. மிஸ் பியானோவில் மெட்டைத் தொடங்கினார். நான் என் வரியைப் பாடினேன். ஓரிடத்தில் பியானோ ஓய்ந்து கீழ்க்குரல் மட்டும் நிற்கும். அங்கே என் குரல் நடுங்கியது. பரீட்சகர் குனிந்து எதையோ எழுதினார்.

வெளியே வந்ததும் வாப்பா மாமரத்தடியில் காத்திருந்தார்.

"எம் மவ பாட வேண்டியது எதும்மா?"

"மேல பியானோ வாசிச்சாங்களே, அதுதான் வாப்பா."

அவர் தலையை ஆட்டினார். "அது நல்லாயிருந்துச்சு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒன்னோடதும்," என்றார். அப்புறம் மிஸ் இருந்த பக்கம் போய், கையிலிருந்த பையிலிருந்து ஒரு பப்பாளிப் பழத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. மிஸ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நான் சுமாராகத் தேறினேன். அவள் பிழைத்துக்கொண்டாள். அந்த ஊசி மருந்து வந்திராத காலமாக இருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்பார்கள். ஆனால் இடது நுரையீரலின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துக் கல்லூரிக்குத் திரும்பினாள். அப்போது நான் ட்ராசாப் பக்கத்துப் பள்ளியில் வேலையில் இருந்தேன். விடுமுறையில் அவளைப் பார்க்கப் போனேன். பியானோ அறையில் அவள் மட்டும் இருந்தாள். மெலிந்த தோள், ஒரு பக்கம் சற்றே இறங்கியிருந்தது.

"பாடிப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன். நாலு சுரத்துக்கு மேல வரல." அழவில்லை. "மிஸ் கேட்டாங்க, பாடத்தை மாத்திக்கிறியான்னு. வேணாம், பியானோவும் தியரியும் இருக்கில்லன்னேன். குரலை மட்டும் விட்டுட்டேன்டி."

பிறகு, "நீ பாடு, நான் வாசிக்கிறேன்" என்றாள்.

நான் பாடவில்லை, என்னால் முடியவில்லை. அவள் வற்புறுத்தாமல் தானே வாசிக்கத் தொடங்கினாள். இடக்கையில் கீழ்க்குரல், வலக்கையில் மேல்குரல், இரண்டையும் பிசகாமல் வாசித்தாள். படுக்கையில் கிடந்த மாதங்களில் என் வரியையும் மனப்பாடம் செய்திருக்கிறாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. முடிக்கும் வரை நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.