சிவப்புப் புள்ளி வைத்த படம்

போன வாரம் என் வீட்டு வாசல் கதவுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்திருந்தார். தங்கவயலில் ஸ்கெலட்டன் என்கிற எங்கள் பேட்டையில், வரிசை வீடுகளுக்கெல்லாம் அவர்தான் பெயின்டர். பழைய பச்சையைச் சுரண்டி எடுத்துவிட்டு டர்பன்டைன் டின்னைத் திறந்தார் பாருங்கள், அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் கதவை விட்டேன், வீட்டை விட்டேன், தங்கவயலையே விட்டேன். பெங்களூர் வசந்த்நகரில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், சில்லென்றிருக்கும் ஒரு பெரிய கூடத்தில், என்னவென்றே புரியாத ஒரு படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஏகாம்பரம்.

"கலர் இன்னா சார்?" என்று பெயின்டர் கேட்டது இரண்டாவது தடவையில்தான் காதில் விழுந்தது.

தங்கவயல்காரனுக்கும் ஓவியக் கூடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ரயில்தான் சம்பந்தம். மைன்ஸை, தங்கச் சுரங்கத்தை, மூடிய பிறகு, வேலைக்குப் போகிற வயதில் இருந்த நாங்கள் பாதிப் பேர் விடியற்காலை வண்டி பிடித்து, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் ஆகிவிட்டோம். ஏகாம்பரம் அதற்கு முன்பு பூமிக்குள் வேலை செய்தவன். மூடியதும் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி ஆனான். "அப்போ கீழ எறங்கினோம், இப்போ பெங்களூர்ல எறங்கறோம். ரெண்டும் ஷிப்டுதான் மச்சான், இதுல வெளிச்சம் கொஞ்சம் ஜாஸ்தி" என்பான். நான் ஒரு லாரி ஆபீசில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா மைன்ஸ்காரர், நான் ஒரு நாளும் ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் ஏறியதில்லை. அதற்காக ஏகாம்பரம் என்னை 'மேல்நாட்டு ஆளு' என்று கேலி செய்வான். மேல்நாடு என்றால் சீமை இல்லை, தரைக்கு மேலே உள்ள நாடு.

சனிக்கிழமையானால் எங்கள் இரண்டு பேருக்கும் மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். வண்டியோ சாயங்காலம்தான். பஸ்ஸில் போகலாம் என்றால், சட்டைப்பையில் மாதப் பாஸ் இருக்கும்போது பஸ்ஸில் ஏற மனசு வராது. கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தால் மேலே தகரம் காயும். பெரிய நகரத்தில் சும்மா உட்கார இடம் கிடைப்பதுபோல் கஷ்டம் வேறில்லை. எங்கே போய் நின்றாலும் யாராவது வந்து 'என்ன வேணும்' என்பார்கள். எதுவும் வேண்டாதவன் நிற்க அங்கே இடம் கிடையாது.

அப்படி ஒரு சனிக்கிழமை நல்ல மழை. ஒரு பங்களா வாசலில் ஒதுங்கினோம். உள்ளே இருந்த காவலாளி ஏகாம்பரத்தின் யூனிபாரத்தைப் பார்த்துவிட்டு, தன் இனம் என்று நினைத்தாரோ என்னவோ, "பன்னி, பன்னி, ஒளகே ஹோகி, டீ இதே" என்று கன்னடத்தில் உள்ளே டீ குடிக்கக் கூப்பிட்டார். டீ என்றதும் போனோம். உள்ளே வெள்ளைச் சுவர்கள். சுவருக்கு ஒன்றாகப் பெரிய பெரிய படங்கள். எதிலும் ஆள் இல்லை, மரம் இல்லை, மாடு இல்லை. வெறும் வண்ணம். மும்பையில் வைத்து, டெல்லியில் வைத்து, அப்புறம் இங்கே வந்திருக்கும் படங்களாம். "அப்போ இதுங்களும் பாஸ் எடுத்துக்கினு சுத்துதுங்க" என்றான் ஏகாம்பரம், டீயை ஊதிக்கொண்டே.

படத்துக்குக் கீழே ஒரு சின்ன அட்டை. 'தலைப்பிடப்படாதது' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்ததை நான் படித்துச் சொன்னேன். அடுத்ததிலும் அதேதான். ஏகாம்பரம் படத்தை மேலும் கீழும் பார்த்தான். "இவ்ளோ பெருசா வளத்துட்டு, பேரு வைக்காமயே வுட்டுட்டாங்க பாரு."

பேர் வைக்கும் வேலையை நாங்களே எடுத்துக்கொண்டோம். அன்றைக்குத் தொடங்கியதுதான். அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அந்த வட்டாரத்தில் எங்கெங்கே புதிதாகப் படம் மாட்டியிருக்கிறார்களோ அங்கெல்லாம் போனோம். யாரும் டிக்கெட் கேட்கவில்லை, குடிக்கத் தண்ணீர் இருந்தது, எவ்வளவு நேரம் நின்றாலும் மரியாதையாகவே பார்த்தார்கள். சாம்பல் பூத்த மாதிரி வெளிறிப்போய் ஒரு படம் வந்தால், "சைனைட் மேடு" என்பேன். தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய மண், எங்கள் ஊரில் மலை மலையாக நிற்கிறதே, அது. காற்றடித்தால் எங்கள் சோற்றில் நறநறக்கும். "சோத்துல விழுந்தது போதாதுன்னு இதை சட்டம் போட்டு வேற மாட்டிக்கிறாங்களா" என்பான் அவன். நீலமும் பச்சையும் கலந்து கிடந்தால் பேத்தமங்களா ஏரி. ஆரஞ்சில் கோடு கோடாக ஓடினால் பங்காருபேட்டை ஸ்டேஷனில் பொழுது சாயும்போது தண்டவாளம். யார் எந்த ஊரில் வரைந்தாலும் கடைசியில் எங்கள் ஊரில்தான் வந்து நிற்கும். அது படத்தின் கோளாறா எங்கள் கோளாறா தெரியவில்லை.

அங்கே வருகிறவர்கள் தாடையில் கையை வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒன்றும் பேசாமல் நிற்பார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. ஒரு நாள் அப்படி நின்றிருந்தபோது ஏகாம்பரம் மெதுவாகக் காதோரம் வந்து, "பல்லு வலியா மச்சான்?" என்றான். நான் சிரித்த சிரிப்பில் ஒரு அம்மா திரும்பிப் பார்த்து முறைத்துவிட்டுப் போனார்.

சிவப்புப் புள்ளியைச் சொல்ல வேண்டும். சில படங்களின் அட்டையில் குங்குமப் பொட்டு அளவுக்குச் சிவப்பாக ஒட்டியிருப்பார்கள். முதன்முதலில் அதைப் பார்த்ததும் ஏகாம்பரம் என் கையைப் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுத்தான். "கிட்டப் போவாத." பிறகு அவனுக்கே வெட்கமாகிவிட்டது. மைன்ஸில் பாறையைத் துளை போட்டு வெடி வைக்கும்போது, ஏதாவது ஒரு துளை வெடிக்காமல் நின்றுபோகும். அதன் பக்கத்தில் சிவப்பாக அடையாளம் வைத்துவிட்டு வருவார்களாம். அடுத்த ஷிப்டு ஆள் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது. அத்தனை வருஷம் சிவப்பைப் பார்த்து ஒதுங்கிய உடம்பு, ஓவியக் கூடம் என்றா பார்க்கும்?

படத்தில் வெடிமருந்து இல்லை என்று தெளிந்த பிறகும் எங்கள் புத்தி அந்தத் தடத்திலேயே ஓடியது. இது சரியாக வராத படம். பெரியவர்கள் யாரோ பார்த்துத் தள்ளி வைத்துவிட்டார்கள். அதற்கு அடையாளம் என்று முடிவு கட்டினோம். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் ஒன்றும் தெரியாதவர்கள் என்று வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அதிலிருந்து சிவப்புப் புள்ளி வைத்த படங்களுக்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்போம், துக்கம் விசாரிக்கப் போனவர்கள் மாதிரி. "பாவம், இதுல இன்னா குத்தம் கண்டுட்டாங்களோ" என்பான்.

ஒரு மாசிமாதச் சனிக்கிழமை அந்தக் கறுப்புப் படம் வந்தது. சுவர் முழுக்க ஒரே படம். தூரத்திலிருந்து வெறும் கறுப்பு. கிட்டே போனால் கறுப்புக்குள் பழுப்பு, பழுப்புக்குள் நீலம், ஈரம் கசிகிற மாதிரி ஒரு மினுக்கு. நடுவில் இல்லாமல், ஒரு பக்கமாக, கீழே, கொஞ்சமே கொஞ்சம் மஞ்சள், விரலால் தேய்த்தது போல. நான் வழக்கம்போல் பேர் வைக்கத் திரும்பினேன். ஏகாம்பரம் என்னைப் பார்க்கவில்லை. அவன் முகம் அப்படி அடங்கி நான் பார்த்ததில்லை.

"யாரோ வராங்க" என்றான்.

நான் வாசலைப் பார்த்தேன்.

"அங்க இல்ல. இதுல. மைன்ஸ் உள்ள, லெவல்ல தனியா நிக்கறப்போ தூரத்துல இப்டித்தான் தெரியும், தலை லைட்டு. யாருன்னு தெரியாது. ஆனா ஒரு ஆளு வராரு. அது போதும்."

வண்டியில் ஏறிய பிறகும் அதே பேச்சு. அவன் மனைவி காமாட்சி, கல்யாணமான புதிதிலிருந்து, உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். பெண்களைக் கீழே விடமாட்டார்கள். இவனுக்குச் சொல்லவும் வரவில்லை. ஷிப்டு முடிந்து வந்தால் குளிப்பான், சாப்பிடுவான், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பான். கேட்டுக் கேட்டு அவளும் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாள். மைன்ஸையும் மூடிவிட்டார்கள். "இனிமே கேட்டாலும் காட்ட முடியாது மச்சான். அதான், அவளைக் கூட்டியாந்து அந்தப் படத்து முன்னாடி நிறுத்தி, இதாம்மேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்" என்றான். கல்யாணமாகாத எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகவும் இருந்தது, வேறு மாதிரியாகவும் இருந்தது.

அடுத்த சனிக்கிழமையே அழைத்து வந்திருக்கலாம். காமாட்சியின் அக்கா பேத்திக்குப் பேத்தமங்களாவில் காதுகுத்து வந்தது. அதற்கடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். கண்காட்சி முடிந்துவிடுமே என்று நான் பதறியபோது ஏகாம்பரம் நிதானமாக இருந்தான். "அதுக்குத்தான் சிவப்பு வச்சிட்டாங்களே. நீ பாக்கலியா? தள்ளுனதை யாரு தூக்கினு போவப் போறாங்க. எங்கனா மூலைல சாத்தி வச்சிருப்பாங்க. கேட்டா காட்டுவாங்க." எனக்கும் நியாயமாகவே பட்டது.

கடைசியில் காமாட்சி வந்தாள். அரக்குப் பட்டு, தலையில் பூ, கூடையில் எலுமிச்சம்பழச் சோறு. வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "படம் பாக்க இவ்ளோ தூரமாண்ணே?" என்று என்னைக் கேட்டாள். அவளுக்கு விஷயம் என்னவென்று ஏகாம்பரம் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும் என்று வைத்திருந்தான்.

கூடத்தில் ஒரு படமும் இல்லை. நான்கு பக்கமும் வெள்ளை. ஏணி போட்டு ஓர் ஆள் ஆணி பிடுங்கிய ஓட்டைகளை அடைத்துப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். அடுத்த காட்சிக்கு வேலை நடக்கிறதாம். ஏகாம்பரம் அங்கே மேஜையில் இருந்த பெண்ணிடம் போய், தள்ளி வைத்த படங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டான். அவளுக்குப் புரியவில்லை. சிவப்புப் புள்ளி என்று அவன் விரலைக் குவித்துக் காட்டியதும் சிரித்தாள். "அது சேல் ஆனது அங்கிள். சிவப்பு ஒட்டினா யாரோ வாங்கிட்டாங்கன்னு அர்த்தம். அந்தக் கறுப்புப் படமா? அதுதான் மொதல்ல போச்சு."

இத்தனை நாளும் ஊரிலேயே நல்ல படங்களுக்குத்தான் நாங்கள் துக்கம் விசாரித்திருக்கிறோம். வேறொரு நாளாக இருந்தால் சிரித்து உருண்டிருப்போம். ஏகாம்பரம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னா, ஒண்ணுமே இல்லியே. எதைப் பாக்கக் கூட்டினு வந்தே?" என்றாள் காமாட்சி.

அவன் கறுப்புப் படம் மாட்டியிருந்த சுவருக்குப் போய், "இங்க இருந்துச்சும்மே" என்றான். இரண்டு கையையும் விரித்து அகலம் காட்டினான். "இங்கேர்ந்து அது வரைக்கும். முழுக்க இருட்டு."

"கரன்ட் போனா வருமே, அப்டியா?"

"அது வூட்டு இருட்டு. அதுல சுவரு எங்க, கதவு எங்கன்னு உனக்குத் தெரியும். இது வேற. இது உன் கையவே உனக்குக் காட்டாது."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவன் வெள்ளைச் சுவரில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். அந்த மஞ்சள் இருந்த இடம். குரல் தாழ்ந்துவிட்டது. ஏணியில் இருந்தவர் பிரஷ்ஷை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், எனக்குத்தான் கேட்கவில்லை. டர்பன்டைன் வாசனை மட்டும் வாசல் வரைக்கும் வந்தது. காமாட்சி அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். பெயின்ட் காயாமல் ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்காமலே வண்டி ஏறினாள்.

திரும்பி வரும்போது அவர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள், நான் எதிரே. மாலூர் தாண்டும் வரை அவன்தான் பேசினான், அவள் கேட்டாள். நடுவில் ஒரு தடவை என்னிடம் திரும்பி, "இவரு இவ்ளோ பேசுவாருன்னு நீங்களாவது சொல்லி இருக்கலாம்ண்ணே" என்றாள். நான் எலுமிச்சம்பழச் சோறு நன்றாக இருக்கிறது என்றேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் ஏகாம்பரம் பஸ் பிடித்து நேரத்தோடு வீட்டுக்குப் போகத் தொடங்கினான். "அவ காத்துக்கினு இருப்பா மச்சான்" என்பான், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. நான் தனியாகச் சில வாரம் போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறப் படம் ஒன்று வந்தது. சைனைட் மேடு என்று மனதுக்குள் சொன்னேன். பதில் வராததால் அது வெறும் சாம்பல் நிறமாகவே நின்றது. பிறகு நானும் ஸ்டேஷன் பெஞ்சுக்கே போய்விட்டேன்.

ஏகாம்பரம் ஓசூரில் மகள் வீட்டில் நெஞ்சுச்சளியோடு இரண்டு மழைக்காலம் இழுத்துக்கொண்டு கிடந்து போய்விட்டான். காரியத்துக்குப் போயிருந்தபோது காமாட்சி சொன்னாள்: "அன்னிக்கு அந்த சுவத்துகிட்ட சொன்னதை அப்பப்போ மறுபடி சொல்லச் சொல்லிக் கேப்பேண்ணே. ஒரு தடவை கூட மாத்திச் சொன்னதில்ல." அது என்னவென்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். விட்டுவிட்டேன்.

அந்தப் பங்களா இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம் நிற்கிறதாம். வண்டியில் எங்கள் காலத்து ஆட்கள் யாரும் இல்லை. இங்கே மைன்ஸ் ஷாஃப்ட்டில் தண்ணீர் ஏறி நிற்கிறது என்கிறார்கள். இனிமேல் யார் நினைத்தாலும் அந்த இருட்டைப் பார்க்க முடியாது. பார்த்துவிட்டு வந்து சொன்னவனும் இல்லை.

முதல் பூச்சு முடிந்து கதவு முழுக்க வெள்ளையாக நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பெயின்டர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, "இன்னும் கலரே அடிக்கல சார், அதுக்குள்ள இன்னா பாக்கறீங்க?" என்றார்.

ஒன்றுமில்லை என்றேன். அப்போதுதான் கவனித்தேன், கை தாடையில் இருந்தது. பல்லு வலியா என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?