என் சாமியாருக்கு எடுத்த வித்தை

வெகுதூரம் நடந்த பிறகுதான் கால்சட்டை இன்னும் நனைந்திருப்பது தெரிந்தது. சாயப்பட்டறை எங்கோ பின்னால் இருந்தது. அவிநாசிபாளையத்தையும் கடந்தாகிவிட்டது. திருப்பூர் போகும் பஸ்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. நிறுத்த வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். வலது கையைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்து வைத்திருந்தேன். அதை வெளியே எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதனால் நடந்தேன்.

சாயம் போட்டு அலசிய துணி கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வரும். அதைப் பிரித்து, பிழியும் மெஷினின் இரண்டு ரோலர்களுக்கு நடுவில் கொடுப்பது என் வேலை. ஈரத் துணி வழுக்கும். பிடி கிடைப்பதற்காக மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு இழுப்போம். சுற்றக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் சுற்றுவார்கள். அன்று ரோலர் துணியைப் பிடித்தபோது என் சுற்று அவிழவில்லை. துணியோடு கையும் போனது. விரல் நுனி ரப்பரைத் தொட்டது. சில்லென்று இருந்தது.

எதிர்ப்பக்கம் துணியை வாங்கிக்கொண்டிருந்த அக்கா காலடிக் கம்பியை மிதித்தார். மெஷின் நின்றது. "ஏனுங்க தம்பி, தூங்கிட்டா நிக்கறீங்க?" என்று கத்திவிட்டு, ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சுற்றை அவிழ்த்தேன். செருப்பை மாட்டினேன். யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். தெற்கேயிருந்து வந்து கட்டிங், அயர்ன், பேக்கிங், கடைசியாகச் சாயம் என்று சுற்றியாகிவிட்டது. ஓரிடத்திலும் உட்கார்ந்ததில்லை. ஒவ்வோர் அறையிலும் எதையாவது விட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். விடாமல் கூட வந்தது போனும் அதற்குள் இருந்த துறவியும்தான்.

ஆன்லைனில் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து குகைக்குள் போய்ப் பூதங்களோடு மோதுகிற விளையாட்டு அது. தொடக்கத்தில் ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது வாள்காரன், வில்காரன், மந்திரக்காரன் எல்லோரையும் தள்ளிவிட்டு மொட்டைத்தலைத் துறவியை எடுத்தேன். அவருக்கு ஆயுதமும் வேண்டாம், கவசமும் வேண்டாம். வெறுங்கையே போதும். அது எனக்குப் பிடித்திருந்தது. நாங்கள் ஆடியது ஒரே உயிர் முறையில். செத்தால் போனதுதான், வளர்த்த ஆள் திரும்ப வரமாட்டார்.

என்னோடு ஆடுகிற நண்பன் தாராபுரம் பக்கத்துக்காரன், பனியன் கம்பெனியில் டெய்லர். விளையாட்டில் வில்காரன். பூதத்தோடு சண்டை போடும்போதுகூட மரியாதை விடாதவன். "அடிங்க, நல்லா அடிங்க, இன்னொண்ணு வைங்க" என்றுதான் கத்துவான். அன்று ஞாயிற்றுக்கிழமை, அவனுக்கு லீவு. சாலையோரத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் அவன் அறை. நேராக அங்கேதான் போனேன்.

"வாங்க சாமியாரே! ஏனுங் மாப்ள, நனஞ்சு வர்றீங்க? எந்தூர்லீங்க மழை?"

"பட்டறையில."

"செரி, உக்காருங்க. வித்தைய எடுத்துட்டீங்களா இல்லீங்களா? சேத்துப் பூதம் இன்னைக்குச் செத்துதுங்க."

துறவி முந்தின நாள் அடுத்த படிக்கு ஏறியிருந்தார். புதிய சண்டை வித்தை ஒன்றை அவருக்கு எடுக்கலாம். ஒன்றே ஒன்று. எடுத்தபின் மாற்ற முடியாது. திரையில் மூன்று படங்கள் இருந்தன. கீழே இருந்த ஆங்கிலத்தை அவன்தான் எனக்குப் படித்துச் சொல்லியிருந்தான். முதலாவது விடாப்பிடி: பூதத்தைக் கட்டிப் பிடித்து அசையாமல் நிறுத்துவது. அடுத்தது மயக்கடி: கழுத்தில் ஒரே குத்து. கடைசியில் நழுவல்: யார் பிடித்தாலும் உருவிக்கொண்டு வெளியே வருவது. விடாப்பிடிதான் என்று இருவரும் எப்போதோ முடிவு செய்திருந்தோம். நான் பிடிக்க வேண்டும். அவன் எட்ட நின்று பூதத்தின் கண்ணில் அம்பு விட வேண்டும்.

இடது கையால் போனை எடுத்தேன். விடாப்பிடியின் படத்தில் ஒரு தடித்த கை, அதைச் சுற்றி வளைத்த இரண்டு கைகள். பார்த்ததும் விரல் நுனியில் அந்தச் சில்லிப்பு திரும்ப வந்தது.

"இது வேணாம் மாப்ள."

"வேணாமுங்களா? பேசி வெச்சதுதானுங்களே! நீங்க நழுவிட்டா பூதம் எங்கீங்க போகும்? நேரா என்ர கிட்டத்தான் வரும். மயக்கடியாச்சும் எடுங்க."

மயக்கடியையும் யோசித்தேன். பலித்தால் நல்லது. பலிக்காவிட்டால் கை பூதத்தின் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும். எதை எடுத்தாலும் கையை எங்கேயோ நீட்ட வேண்டியிருந்தது. துறவியிடம் வேறு என்ன இருக்கிறது?

"பேசுங்க சாமியாரே. மௌன விரதமுங்களா?"

சட்டைக்குள்ளிருந்து கையை எடுத்தேன். நானும் அப்போதுதான் பார்த்தேன். மணிக்கட்டைச் சுற்றிக் காப்புக் கட்டிய மாதிரி சிவந்து தடித்திருந்தது. தடிப்பின் மேல் நீலச் சாயம். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. தையல் ஊசி நகத்துக்குள் ஏறியவன் அவன். எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"விரலெல்லாம் மடங்குதுங்களா?"

"மடங்குது."

"மடக்கிக் காட்டுங்க."

ஒவ்வொன்றாக மடக்கினேன். கடைசி விரல் வரை பார்த்தான். தேங்காயெண்ணெயை எடுத்து வந்து தடவினான்.

"நழுவறதயே எடுங்க," என்றான்.

"அப்ப நீ?"

"என்ர பாட்ட நான் பாத்துக்கறனுங்க. ஓடறதுக்கு ஒரு வித்தையாங்க வேணும்?"

எடுத்தேன். அப்போதே குகைக்குள் போனோம். தள்ளிப்போட்டால் நான் இனி எப்போதும் போகமாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேற்றுக்குள்ளிருந்து பூதம் எழுந்தது. ஒரே எட்டில் துறவியைப் பிடித்தது. வாய் திறந்தது. பட்டனை அழுத்த வேண்டும். கட்டைவிரல் பட்டனுக்கு மேலேயே நின்றுவிட்டது. துறவியின் கை முழங்கை வரை உள்ளே போய்விட்டது.

"அழுத்துங்க மாப்ள! அய்யோ அழுத்துங்க!"

அழுத்தினேன். துறவி உருவிக்கொண்டு சேற்றில் விழுந்தார். பூதம் அவன் பக்கம் திரும்பியது. "ஓடுங்க, ஓடுங்க, அங்க இல்லீங்க, இந்தப் பக்கம்!" இருவரும் ஓடி வெளியே வந்தோம். பூதம் சாகவில்லை. நாங்களும் சாகவில்லை.

"பூதம் கேக்குதுங்க," என்றான் மூச்சு வாங்க. "வந்த சாமியாரு காப்பிகூடக் குடிக்காம போயிட்டாரேன்னு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பு முழுக்க உதறத் தொடங்கியது. ரோலரிடமிருந்து தப்பியது அப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது போலிருந்தது. அவன் போர்வையை எடுத்துப் போட்டான்.

காலையில் வேலை தேடிப் புறப்பட்டேன். பனியன் கம்பெனிகளில் ஆர்டர் குறைவு, கேட்டுக்குள்ளேயே விடவில்லை. ஆள் தேவை என்று பலகை தொங்கிய இடம் இன்னொரு சாயப்பட்டறை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே ரோலர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பிப் போகலாம் என்று நினைத்தேன். போக இடமில்லை.

"ரோலர்ல துணி குடுத்துப் பழக்கமுங்களா?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"பழக்கந்தாண்ணே. ஆனா நான் வாங்குத பக்கம் நிக்கேன்."

"அது பொம்பளைங்க நிக்கற எடமுங்க தம்பி. சம்பளமும் அதுக்குத் தகுந்தாப்பலதானுங்க."

"சரிண்ணே."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் என் மணிக்கட்டைப் பார்த்தார். உள்ளே கூட்டிப்போனார்.

எதிர்ப்பக்கம் துணி கொடுப்பவன் இந்திக்காரன், என் வயதுதான் இருக்கும். முதல் துணி வந்ததும் அதை மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றினான். நான் தலையை ஆட்டி, என் கையைத் தூக்கிக் காட்டினேன். அவனும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டினான், வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான் போல. மறுபடி சுற்றினான்.

பிழிந்து வந்த துணியை வாங்கி வண்டியில் மடித்து மடித்துப் போட்டேன். என் கண் அவன் மணிக்கட்டிலேயே இருந்தது. காலடியில் நிறுத்தும் கம்பி. அழுத்தாமல் அதன் மேல் காலை வைத்தேன். அன்று முழுக்க எடுக்கவில்லை.