பன்றிக்குப் போன சர்க்கரை

புத்தூர் டீக்கடையில் மாஸ்டர் டப்பாவில் சர்க்கரை கொட்டும் சத்தம் கேட்டதும் எங்கள் வீட்டுச் சினைப்பன்றி நினைவுக்கு வந்தது.

நான் மூன்றாவது படிக்கும்போது அதற்கு ஆசனக்குடல் வெளியே பிதுங்கி, பெரிய தக்காளிபோல் வீங்கிவிட்டது. இனி பிழைக்காது என்று நைனா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "வூட்ல சர்க்கரை இருக்குதாம்மா?" என்றார். அம்மா உள்ளே ஓடி, நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ எடுத்து வந்தாள்.

"எனக்கில்லம்மா, பன்னிக்கு."

அம்மா கொண்டுவந்த டப்பாவிலிருந்த சர்க்கரை முழுவதையும் டாக்டர் வீக்கத்தின்மேல் அப்பினார். நீர் சொட்டச் சொட்ட வீக்கம் வடிந்தது. குடலை உள்ளே தள்ளித் தையல் போட்டார். சாயங்காலமே பன்றி தவிட்டுத் தொட்டிக்கு வந்துவிட்டது.

மறுநாள் டீ குடித்த நைனா முகத்தைச் சுளித்தார். "சர்க்கரை எங்க?"

"பன்னியாண்ட போய்க் கேளுய்யா" என்றாள் அம்மா.

டீ மாஸ்டர் என்னைப் பார்த்தார். "சர்க்கரை தூக்கலா போடட்டாக்கா?"

"வாணாம்பா. எனக்கு வீக்கம் ஒண்ணும் இல்ல."