லாரி வராத வழி

பனி இறங்கிய ஒரு மார்கழிக் காலையில், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த லாரி ஒன்று கோவிந்தப்பனை அடித்துவிட்டு, நிற்காமல் ஓசூரை நோக்கிப் போய்விட்டது. அவனுக்குப் பின்னால் சைக்கிளில் வந்துகொண்டிருந்த தீர்த்தகிரி பார்த்தது லாரியின் சிவப்பு விளக்கை மட்டும்தான். பிறகு புளியமரத்தடியில் கிடந்த கூட்டாளியைப் பார்த்தான். தலையைத் தூக்கி மடியில் வைத்தபோதே உயிர் இல்லை என்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் வெகுநேரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

அது 1985. இருவருக்கும் பாறைப்பள்ளிதான் ஊர். சூளகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, மலையடியில் இருக்கிறது. அப்பன்மார் இருவரும் ஒரே பண்ணையில் கூலிக்குக் கிடந்தவர்கள். ஓசூர் சிப்காட்டில் இரும்பு வார்க்கும் பட்டறை ஒன்றில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்த பிறகுதான் இவர்கள் பண்ணையார் வீட்டு வாசலில் போய் நிற்பதை விட்டார்கள். முதல் பஸ் வருவதற்குள் ஷிப்டு தொடங்கிவிடும். அதனால் சைக்கிள். போகும்போது கோவிந்தப்பன் பேசிக்கொண்டே மிதிப்பான், தீர்த்தகிரி கேட்டுக்கொண்டே வருவான். வருஷக்கணக்காக அப்படித்தான்.

காரியம் முடிந்த பிறகு, கோவிந்தப்பனின் மனைவி நாராயணம்மாவை அழைத்துக்கொண்டு தீர்த்தகிரி பட்டறைக்குப் போனான். சூப்பர்வைசர் மூர்த்தி மதுரைப் பக்கத்துக்காரர். கெட்ட மனுஷர் இல்லை. கேட்டுக்கு வெளியே வந்து நின்று பேசினார்.

"உள்ள நடந்திருந்தா நானே எழுதிக் குடுப்பேன்ய்யா. ரோட்டுல நடந்ததுக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்? அதுவும் காண்ட்ராக்ட் ஆளு."

"வேலைக்கு வர்ற வழியில தானங்க சார் செத்தான்?"

"வழி கம்பெனியோடது இல்லையே."

நாராயணம்மா இடுப்பில் இருந்த பெண்குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

மறுவாரம் தீர்த்தகிரி வேலைக்குக் கிளம்பினான். ஊர்ப்பாதை நெடுஞ்சாலையில் ஏறும் இடத்துக்கு வந்ததும் பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்தது. கைகள் ஹேண்டில்பாரோடு இறுகிக்கொண்டன. இறங்கி, ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அடுத்த நாளும் அப்படியே ஆயிற்று. அதற்கடுத்த நாள் திரும்பி வந்துவிட்டான். வீட்டில் பாத்திரம் உருண்டால்கூட உடம்பு தூக்கிப்போட்டது. மனைவி பாப்பம்மா கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிப் பார்த்தாள். கயிறு இருந்தது, பயமும் இருந்தது.

மலையடியில் ஆடு மேய்க்கும் மதுரைவீரனிடம்தான் கடைசியில் போய்க் கேட்டான்.

"ரோட்டுல ஏறாம ஓசூரு போவ முடியுமா மாமா?"

"ஏன்டா, தார் ரோடு கடிக்குதா உன்னை?" என்று சிரித்தவர், அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "போலாம். மலையை ஒட்டியே போ. ஏரிக்கரை வரும். அதுல ஏறி எறங்கினா ஆத்துக்குப் போற வண்டித்தடம். தொரப்பள்ளிகிட்ட தரைப்பாலம் தாண்டிட்டா அப்புறம் உனக்கே தெரியும். ஆனா ரெண்டு மடங்கு தூரம்டா. பாதிக்கு மேல சைக்கிள நீதான் தூக்கணும்."

அவர் சொன்னது சரிதான். மலையடித் தடத்தில் கருங்கல் துருத்திக்கொண்டு நின்றது. ராகிக் கொல்லை வரப்புகளில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. ஏரிக்கரை தாண்டினால் தென்பெண்ணை வரைக்கும் இறக்கம். மிதிக்கவே வேண்டாம், காற்று முகத்தில் அடிக்கும். கொள்ளுக் காட்டுக்குள்ளிருந்து கௌதாரி கத்தும். பாலத்தடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். வேறு சத்தம் கிடையாது. பாதி வழியில் திரும்பாமல் வேலைக்குப் போய்ச் சேர்ந்தான்.

ஆனால் அந்த அமைதி அவனைச் சும்மா விடவில்லை. ஆளில்லாத வழியில் கோவிந்தப்பனின் பேச்சு நின்றுபோனது இன்னும் நன்றாகத் தெரிந்தது. சில நாள் ஏரிக்கரையில் இறங்கி நின்று அழுதுவிட்டுப் போவான். டீக்கடையில் ஊர்க்காரர்கள் அவனை 'ஆட்டுத்தடம்' என்று கூப்பிட்டார்கள்.

அடுத்த வருஷம் நாராயணம்மா அவன் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, உங்க பட்டறைல இரும்பு ஊத்தற மண்ணச்சு செய்யப் பொம்பளைங்கள எடுக்கறாங்களாமே. எனக்கு ஒண்ணு சொல்லி வையிங்க."

"எப்படி வருவ? பஸ்ஸு தோதுப்படாதே."

"அவரு சைக்கிள் இருக்குதே. போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து எடுத்தாந்தாச்சி. ரிம்மு நெளிஞ்சிருந்துச்சி, சரிபண்ணிட்டேன்."

"அந்தச் சைக்கிள்லயா?"

"வேற ஏது? அதுமேல எனக்கென்ன கோவம்?"

தண்ணீர் வற்றிய ஏரிக்குள் அவள் சைக்கிள் பழகினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, விழுந்து, முழங்கை தேய்ந்து, எழுந்து மறுபடி ஏறினாள். கரையில் நின்று சிரித்த பெண்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. மூர்த்தி ஒப்பந்தக்காரரிடம் சொல்லி அவளைச் சேர்த்துவிட்டார். இருவரும் மலையடி வழியாகச் சேர்ந்து போகத் தொடங்கினார்கள். கல்தடத்தில் அவள் சைக்கிளையும் அவனே தூக்கிக் கடத்துவான். அவள் மகளைப் பற்றிப் பேசுவாள், பட்டறைச் சூட்டைப் பற்றிப் பேசுவாள். கோவிந்தப்பனைப் பற்றி இருவருமே பேசியதில்லை.

ஊர் பேசியது. கோவிந்தப்பனின் அண்ணன் வெங்கடப்பன் ஒருநாள் ஏரிக்கரையில் வழிமறித்து நின்றான்.

"ரோட்ட உட்டுட்டு ஏன் காட்டு வழியா போறீங்கன்னு இப்பதான் புரியுது."

நாராயணம்மா சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு எதிரே போய் நின்றாள்.

"உங்க தம்பி செத்த அன்னிக்கு இவருதான் அவரு தலைய மடில வெச்சிருந்தாரு. நீங்க எங்க இருந்தீங்க மாமா? எம்புள்ளைக்கு ஒரு நாள் சோறு போட்டீங்களா? வழிய உடுங்க, ஷிப்டுக்கு நேரமாச்சி."

வெங்கடப்பன் விலகிக்கொண்டான். ஆனால் அவன் சொன்னது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அன்று சாயங்காலம் பாப்பம்மா புருஷனுக்குக் களி போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் உன்ன நம்பறேன். ஊரு நம்பாது. நானும் இந்த ஊர்லதான தண்ணி எடுக்கணும்? நாளைல இருந்து நீ முன்னால போ. அவ தள்ளி வரட்டும்."

அப்படியே செய்தான். அவன் முன்னால் போவான்; கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அவள் வருவாள். கல்தடத்தில் அவள் சைக்கிளை அவளே தூக்கினாள். பேச்சு அற்றுப்போயிற்று. நாராயணம்மா அதற்காக யாரையும் நொந்துகொள்ளவில்லை. பட்டறையில் மட்டும், சாப்பாட்டு நேரத்தில், தன் ஊறுகாயில் கொஞ்சம் அவனுக்குக் கொடுத்தனுப்புவாள்.

தொண்ணூற்றொன்றில் பாறைப்பள்ளிக்கு மேலே மலையைக் கல் குவாரிக்காரர்கள் குத்தகைக்கு எடுத்தார்கள். கருங்கல்லைப் பாளம் பாளமாக அறுத்து வெளியே கொண்டுபோக வழி வேண்டியிருந்தது. ஏரிக்கரைப் பக்கமாக வண்டித்தடத்தை அகலமாக்கி ஜல்லி கொட்டினார்கள். ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். ரோடு வருகிறது, இனி பஸ்ஸும் வரும் என்றார்கள். தீர்த்தகிரி புது ஜல்லிமேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவான், முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டே.

முதல் கல் லாரி ஒரு காலையில் ஏரி இறக்கத்தில் மலைப் பக்கமிருந்து வந்தது. பின்னால் சங்கிலி போட்டுக் கட்டிய ஒரே கல், வீடு அளவு. டிரைவர் ஹாரன் அடித்தான். பின்னால் வந்த நாராயணம்மா பார்த்தபோது சைக்கிள் நடுவழியில் கிடந்தது, ஆளைக் காணோம். லாரிக்காரன் இறங்கிச் சைக்கிளை ஓரமாகப் போட்டுவிட்டுத் திட்டிக்கொண்டே போனான். அவள் ராகிக் கொல்லைக்குள் போய்த் தேடினாள். தீர்த்தகிரி பயிருக்கு நடுவில் குந்தி, காதைப் பொத்திக்கொண்டிருந்தான். வேட்டி நனைந்திருந்தது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"லாரி போயிடுச்சிண்ணா. எந்திரிங்க."

"நீ போ."

"சேர்ந்தே போவோம். எவன் என்ன சொன்னா என்ன? நான் பக்கத்துலயே வர்றேன்."

"இன்னிக்குப் பக்கத்துல வருவ. இதுவும் அந்த ரோடு மாதிரிதான் ஆயிடும் நாராயணம்மா. என்னால முடியல. நீ போ, உனக்கு நேரமாவுது."

அவள் அவன் சைக்கிளை நிமிர்த்தி வரப்போரம் சாய்த்து வைத்தாள். பிறகு போனாள். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை.

அதன் பிறகு அவன் பட்டறைக்குப் போகவில்லை. மூர்த்தி ரெண்டு தடவை சொல்லி அனுப்பினார். மூன்றாவது தடவை வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். தீர்த்தகிரி பண்ணையார் வீட்டு வாசலில் போய் நின்றான். அப்பன் ஓட்டிய அதே நிலத்தில் களை எடுத்தான், மாடு பார்த்தான். ஏன் திரும்பி வந்தாய் என்று பண்ணையார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவனுக்கு மிகவும் உறுத்தியது என்று பாப்பம்மா பின்னால் சொன்னாள்.

நாராயணம்மா தனியாகவே போய் வந்தாள். லாரி வந்தால் ஒதுங்கி நிற்பாள், போனதும் மிதிப்பாள். பட்டறை மண் தூசியில் இருமல் ஒட்டிக்கொண்டது. தொண்ணூற்று நாலில் மகளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிவந்தபோது, பட்டறைக்குப் பக்கத்திலேயே லைன் வீட்டில் ஒரு அறை பிடித்துவிட்டாள்.

அவள் சாமான் ஏற்றிய அன்று வெங்கடப்பன் வீட்டிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தீர்த்தகிரி வந்தான். மூட்டைகளையும் பாத்திரங்களையும் அவள் சைக்கிளில் கட்டினான். பாப்பம்மா ஒரு படி ராகிமாவைத் துணியில் முடிந்து மேலே வைத்தாள்.

"கூடப் போய் உட்டுட்டு வா" என்றாள் புருஷனிடம்.

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். தாயும் மகளும் பக்கத்தில் நடந்தார்கள். லாரி சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் சைக்கிளை அவளிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குள் இறங்கி நிற்பான். சத்தம் அடங்கியதும் ஏறி வந்து வாங்கிக்கொள்வான். தரைப்பாலம் வந்தது. அதற்கு அந்தப் பக்கம், முன்பு அவன் சைக்கிளில் போன வழியில், இப்போது சிப்காட் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன.

"இங்கயே நிக்கறேன்" என்றான்.

"சரிண்ணா. நான் பாத்துக்கறேன்."

அவள் சைக்கிளை வாங்கிக்கொண்டாள். மகள் பின்னால் மூட்டையைப் பிடித்துக்கொண்டாள். பாலத்தின் மறுகரையில் ஏறும்போது சுமை ஒருபக்கம் சாய்ந்தது. இருவருமாக நிமிர்த்திக்கொண்டு போனார்கள். அவன் பாலத்தில் கால் வைக்கவில்லை. அவர்கள் லாரிகளுக்கு நடுவே மறைந்த பிறகு, ரோட்டை விட்டு இறங்கி, ஆற்றோரமாகவே நடந்து ஊருக்குப் போனான்.