முகம் மங்கிய கட்டிகள்

என் தங்கை பிரகதீஸ்வரி அலுமினியம் ஊற்றுகிறாள் என்று சொன்னால், "பாத்திரமா?" என்றுதான் கேட்கிறார்கள். பாத்திரம் இல்லை. பழைய அலுமினியத்தை உருக்கி, இரும்பு அச்சில் ஊற்றி, கட்டியாக எடுக்கிற கம்பெனி அது. கட்டியை வாங்கிப் போகிறவர்கள் அதை மறுபடி உருக்கி, பம்பு உறை, மோட்டார் உறை என்று தங்களுக்கு வேண்டியதை வார்த்துக்கொள்வார்கள். விராலிமலைக்கு வெளியே, நெடுஞ்சாலையிலிருந்து பிரிகிற தார் ரோட்டில் இருக்கிறது. அங்கே கட்டி ஊற்றும் பிரிவுக்கு இன்று அவள்தான் பொறுப்பு. அந்த இடம் கையை விட்டுப் போக இருந்ததையும், அவள் அதைப் பிடித்து நிறுத்தியதையும்தான் எழுதுகிறேன். அண்ணன் என்பதால் கூட்டிச் சொல்வேன் என்று நினைக்க வேண்டாம். நான் வெல்டிங் வேலை செய்கிறவன். அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் கதவு மூடாது.

எங்கள் ஊர் கொடும்பாளூர். நான் எட்டாவதோடு நின்றேன். ஈஸ்வரி பன்னிரண்டு முடித்தாள். கல்யாணமாகி, பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அந்தக் கம்பெனியில் பழைய சாமான் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். ஓட்டை அண்டா, ஜன்னல் சட்டம், பைக் எஞ்சின், எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். மீமிசலிலிருந்தும் கட்டுமாவடியிலிருந்தும் படகு எஞ்சின் துண்டுகள் வரும். அவை உப்பும் ஈரமுமாக இருக்கும். அந்த ஈரத்தோடு உருகிய உலோகத்தில் போட்டால் வெடித்துத் தெறிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், அவசரத்தில் அப்படியே அள்ளிப் போடுவார்கள். ஈஸ்வரி தகரம் விரித்து அவற்றை வெயிலில் பரப்பினாள். நன்றாகக் காயாமல் ஒரு துண்டையும் உள்ளே அனுப்ப மாட்டாள்.

"என்ன ஈஸ்வரி, கருவாடு காயப்போடுறியா? காக்கா தூக்கிட்டுப் போயிரப் போவுது, பாத்துக்க" என்பார்கள் ஆண்கள்.

"தூக்குனா தூக்கட்டும். ஒங்க மொகத்துல தெறிக்கிறதுக்கு அது தேவலை" என்பாள்.

கருவாட்டுக்காரி என்றே பேர் வைத்துவிட்டார்கள். பழைய சூப்பர்வைசர் குவைத்துக்குப் போனபோது முதலாளி குணசேகரன், ஊற்றும் பிரிவை யாரிடம் கொடுப்பது என்று யோசித்து, கடைசியில் அந்தக் கருவாட்டுக்காரியைத்தான் கூப்பிட்டார். அவள் தனியாகப் போகவில்லை. தன்னோடு பிரித்துக்கொண்டிருந்த அழகியையும் இன்னும் சில பெண்களையும் அச்சு துடைக்க, பூச்சுப் பூச, கட்டி தட்டி எடுக்க என்று கூட்டிக்கொண்டு போனாள். வெயிலில் குந்தியிருந்த பெண்களுக்குக் கூரைக்குக் கீழே நிலையான வேலை கிடைத்தது. அவர்கள் விட்டுப்போன இடத்தில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆகவே திரும்பிப் போக இடம் இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதுவரை கம்பெனியின் கட்டிகளை வாங்கியவர்கள் பாத்திரக்காரர்கள். அவர்கள் கட்டியைக் கையில் எடுத்து முகத்தைப் பார்ப்பார்கள். பளபள என்று இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். அதனால் அங்கே ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. கரண்டியை உயரத் தூக்கி ஊற்றுவது. அச்சில் நுரை மாதிரி எழும்புகிற கசட்டை, ஊற்றும்போதே தட்டை இரும்பால் வழித்து வழித்துத் தள்ளுவது. ஆறிய கட்டியில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அவ்வளவு மினுக்கம். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு இருப்பதிலேயே மினுக்கமான கட்டிக்குத்தான் சந்தனப் பொட்டு.

ஊற்றுகிறவர் அய்யாக்கண்ணு. அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். வார்ப்பு வேலையால் வந்த பேர் இல்லை. முன்பு பஸ் ஸ்டாண்டு எதிரில் டீ மாஸ்டராக இருந்தவர். டீ ஆற்றினால் ஒரு முழத்துக்குக் கோடு இழுத்த மாதிரி விழும், ஒரு சொட்டு வெளியே போகாது. அந்தக் கை நிதானத்தைப் பார்த்துத்தான் குணசேகரன் அவரைக் கூட்டிவந்தார். அலுமினியத்தையும் அதே மாதிரி ஊற்றினார். லோடு ஏற்ற வருகிற டிரைவர்கள்கூட நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

பிறகு பம்பு செய்கிற ஒரு கோயம்புத்தூர் கம்பெனி கட்டி வாங்கத் தொடங்கியது. முதல் லோடு திரும்பி வந்தது. இரண்டாவது லோடும் வந்தது. இந்த முறை லாரியோடு அவர்களுடைய தரம் பார்க்கிற இன்ஜினியர் ஷர்லியும் வந்தார். கட்டியைப் பாதி ரம்பத்தால் அறுத்து, மீதியைச் சம்மட்டியால் அடித்துப் பிளக்கச் சொன்னார். பிளந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் கறுத்த மடிப்புகள் இருந்தன. பழைய துணியைக் கசக்கி உள்ளே வைத்த மாதிரி. அந்த மடிப்பு உள்ள இடத்தில்தான் அவர்களுடைய பம்பு உறை தண்ணீர் கசிந்தது.

ஷர்லி கோபப்படவில்லை. ஈஸ்வரியைப் பக்கத்தில் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"உருகின அலுமினியத்துல காத்து பட்ட உடனே மேல ஒரு தோல் படியுது, பார்த்திருப்பீங்க. அந்தத் தோல் கெட்டது இல்ல. அதுதான் கீழ இருக்கிறதைக் காத்துகிட்ட இருந்து காப்பாத்துது. நீங்க உயரத்துல இருந்து ஊத்தி அதைக் கிழிக்கிறீங்க. கிழிஞ்ச இடத்துல புதுசா தோல் வருது. வழிக்கிறப்ப மறுபடி கிழியுது. வெளிய வந்தது போக மிச்சமெல்லாம் உள்ள மடிஞ்சு உக்காந்துக்குது."

"அப்ப மினுக்கம் வர வர உள்ள கெட்டுப்போச்சா?"

"அப்படித்தான்."

இன்னும் ஒரு லோடு பார்ப்போம், அதுவும் திரும்பினால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு ஷர்லி கிளம்பினார். குணசேகரன் ஈஸ்வரியிடம் ஒளிக்காமல் சொன்னார்: "இதுவும் போச்சுன்னா நான் ஊத்துற வேலைய கான்ட்ராக்டுல விட்டுருவேம்மா. அவங்க ஆளோட வருவாங்க. ஒங்களையெல்லாம் வச்சுக்க முடியாது. தப்பா நெனச்சுக்காத."

அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேராக என் பட்டறைக்கு வந்தாள்.

"அண்ணே, எனக்கு ரெண்டு சாமான் வேணும். உலை வாய்க்கு ஒரு மூடி. மொண்டு எடுக்குற நேரம் தவிர மூடியே இருக்கணும். இப்ப நாள் பூரா தொறந்து கெடக்கு. அப்பறம் அச்சு வைக்க ஒரு ஸ்டாண்டு. அச்சு தரையில கெடக்குறதாலதான் மாஸ்டரு மேல இருந்து ஊத்துறாரு. இடுப்புக்கு வந்துருச்சுன்னா கரண்டி வாயை அச்சு வெளிம்புல வச்சே ஊத்தலாம்."

"இடுப்புன்னா யாரு இடுப்பு? அளவு சொல்லு."

"மாஸ்டரு இடுப்புதான். அவரு நின்னு அளவு குடுக்க மாட்டாரு. கோவத்துல இருக்காரு."

மறுநாள் அளவோடு வந்தாள். அய்யாக்கண்ணு டீ குடிக்கும்போது சாய்கிற தூண் ஒன்று உண்டு. அவர் இடுப்பு இருந்த இடத்தில், பின்னால் போய்ச் சாக்பீசால் கோடு போட்டு, அவர் போனதும் தரையிலிருந்து நூல் பிடித்து எடுத்திருக்கிறாள். அந்த நூலில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தாள். நான் டேப்பில் சரிபார்த்தேன். மரியாதையாக எடுத்த அளவைவிடத் திருட்டுத்தனமாக எடுத்த அந்த அளவு துல்லியமாக இருந்தது.

இரும்பு ஆங்கிளில் ஸ்டாண்டு செய்தேன். மூடிக்கு அரைவட்டமாகத் தகடு வெட்டி, உள்பக்கம் சூடு தாங்கும் பஞ்சு வைத்து, கீல் போட்டேன். நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பொருத்தினேன். அதனால் அன்று நடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

அய்யாக்கண்ணு ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "என்னது இது, கல்யாண வீட்டுப் பந்தி டேபிளா? எலை போட்டுருவமா?" என்றார். பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இந்தக் கையப் பாத்துத்தான் மொதலாளி கூட்டியாந்தாரு. இந்தக் கைதான் தப்புன்னு இப்ப சொல்றீங்க. அப்ப நீயே ஊத்திக்கத்தா. நான் டீக்கடைக்கே போறேன்."

சொன்னபடி கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.  ஈஸ்வரி அழகியைக் கடைக்கு அனுப்பி ஒரு பாட்டில் சோடாவும் கண்ணாடி டம்ளரும் வாங்கிவரச் சொன்னாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள்.

"குடிங்க மாஸ்டரே."

"எனக்கு வேணாம்."

"சரி, எனக்கு ஊத்திக் குடுங்க. நொரை வரக் கூடாது."

அவர் அவளைப் பார்த்தார். பாட்டிலைத் திறந்தார். டம்ளரை ஒரு பக்கம் சாய்த்து, பாட்டில் வாயை விளிம்போடு ஒட்டவைத்து, சோடாவைக் கண்ணாடி மேலேயே வழுக்கவிட்டார். டம்ளர் நிறைய நிறைய மெல்ல நிமிர்த்தினார். மேலே நுரையே இல்லை.

"ஏன் ஆத்தலை?" என்றாள் ஈஸ்வரி.

"சோடாவ யாராச்சும் ஆத்துவாங்களா? டீக்குத்தான் காத்து வேணும்."

சொல்லி முடித்துவிட்டு, கையிலிருந்த டம்ளரை மறுபடி லேசாகச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, "அதுக்கு அச்சைச் சாய்க்கணுமே, அது இரும்பாச்சே" என்றார்.

"அச்சோட பக்கச் செவரே சரிவாத்தான இருக்கு. அது மேலயே வழுக்க விடுங்க. ஒங்க கை தப்புன்னு நான் சொல்லலை மாஸ்டரே. அந்தக் கை இல்லைன்னா இதை ஊத்தவே முடியாது."

அந்தச் சோடாவை அவரே குடித்துவிட்டு எழுந்து வந்தார்.

நினைத்ததைவிட அது கஷ்டமாக இருந்தது. கரண்டி வாயை விளிம்பில் வைக்க வேண்டுமானால் முகத்தை அச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். முகக்கவசத்தையும் மீறிச் சூடு அடித்தது. முதலில் மெதுவாக ஒரு கோடாக விட்டு, அச்சின் அடியில் தேங்கிய உலோகத்தின் மேல் தோல் படிந்ததும், அந்தத் தோலுக்குக் கீழேயே மீதியைப் போகவிட வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. பாதி ஊற்றியதும் பழக்கத்தில் யாராவது வழிக்கும் இரும்பை நீட்டுவார்கள். ஈஸ்வரி அந்த இரும்புகளை எல்லாம் பிடுங்கித் தன் டூல் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். கெட்டுப்போன கட்டிகளை உடைத்து உடைத்துப் பார்த்து மறுபடி உலையில் போட்டார்கள். மாஸ்டருக்கு முதுகு பிடித்துக்கொண்டால், அவர் நிமிரும்வரை ஈஸ்வரியே கரண்டியை வாங்கி ஊற்றினாள். யார் ஊற்றியது என்று பின்னால் தெரிய வேண்டும் என்பதற்காக, தான் ஊற்றிய கட்டியின் ஓரத்தில் அரத்தால் ஒரு கோடு போட்டாள்.

லோடு தயாரானது. கட்டிகளைப் பார்த்த குணசேகரனுக்கு முகம் தொங்கிவிட்டது. மினுக்கம் போய், மேலெல்லாம் மங்கலாக, பால் ஏடு சுருங்கின மாதிரி இருந்தது.

"ஏம்மா, இந்த மூஞ்சிய யாரும்மா பாப்பாங்க? பொண்ணு பாக்க வாரவங்க வாசலோட திரும்பிருவாங்க. மேலாக்க மட்டுமாச்சும் ஒரு தேய் தேச்சு விடுங்க."

"தேய்க்க மாட்டேன் சார். அது அதோட தோலு. அவங்க உள்ளதான் பாக்கப் போறாங்க."

"ஒனக்கு நெஞ்சழுத்தம்தான்."

"இல்லைன்னா கருவாடு காயப்போட்டிருக்க முடியுமா சார்?"

லோடு ஏறும் முன் பார்க்க ஷர்லி வந்த அன்று நானும் போயிருந்தேன், மூடியின் கீல் இறுகிவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். அவர் அடுக்கிலிருந்து தனக்குத் தோன்றிய கட்டிகளை உருவி எடுத்து வைத்தார். அறுத்து, பிளந்தார்கள். முதல் கட்டி பிளந்த இடம் ஒரே சீராக, சர்க்கரை மாதிரி வெள்ளையாக இருந்தது. அடுத்ததும் அப்படியே. அழகி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அதற்கடுத்த கட்டி பிளந்தது. நடுவில் ஒரு கறுத்த மடிப்பு.  குணசேகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஈஸ்வரி குனிந்து அந்தத் துண்டை எடுத்தாள். ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"மேடம், இது நான் ஊத்துனது. இந்தா, அரத்தால போட்ட கோடு இருக்கு பாருங்க. என் கை நடுவுல நின்னு போச்சு. கோடு இல்லாததெல்லாம் மாஸ்டரு ஊத்துனது. நீங்க எது வேணாலும் ஒடைச்சுப் பாருங்க."

ஷர்லி கோடு உள்ளவற்றைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னார். கோடு இல்லாத கட்டிகளில் மேலும் சிலவற்றை, அடுக்கின் அடியிலிருந்துகூட இழுத்து எடுத்து, உடைத்தார். எல்லாம் சுத்தம். கோடு போட்டவற்றிலும் ஒன்றை உடைத்துப் பார்த்தார். அது நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஈஸ்வரி, "அது வேணாம் மேடம், ஒன்னு கெட்டுப்போவுது, ஒன்னு நல்லா வருது, நம்ப முடியாது. அதெல்லாம் உலைக்கே போகட்டும்" என்றாள்.

"மத்ததை ஏத்துங்க," என்றார் ஷர்லி. "அடுத்த லோடும் இதே மாதிரி கோடு போட்டே அனுப்புங்க. யார் ஊத்தினாலும்."

அய்யாக்கண்ணு தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "கருவாட்டுக்காரி, ஒன் கையி நடுவுல நிக்குது. நாளைக்குக் காலையில நேரத்தோட வா, சோடா ஊத்தப் பழகலாம்" என்றார். அப்போதுதான் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

மறுநாளிலிருந்து வேலை தொடங்கும் முன்பு ஈஸ்வரி ஒரு காலி அச்சில் தண்ணீர் ஊற்றிப் பழகினாள். விளிம்பில் கரண்டி, நடுவில் நிற்காத கை. பிறகு அழகியும் பழகினாள். இப்போது அந்தப் பிரிவில், ஊற்றுகிற ஆளுக்கு ஒன்றாக, மூன்று விதமான கோடுகளோடு கட்டிகள் வெளியே போகின்றன. கான்ட்ராக்ட் பேச்சைக் குணசேகரன் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. வழிக்கும் இரும்புகள் இன்னும் அவள் டூல் பெட்டியில்தான் கிடக்கின்றன. சாவி அவள் இடுப்பில்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். உலை மூடிக்கும் என் ஸ்டாண்டுக்கும் சந்தனம் வைத்து, நடுவில் ஒரு கட்டியை எடுத்து வைத்தார்கள். மங்கல் கட்டிதான். லாரி டிரைவர் ஒருவர், "சாமிக்கு முன்னாடி வைக்கிறத கொஞ்சம் தொடச்சாச்சும் வைக்கக் கூடாதா?" என்று துண்டை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"தோலத் தொடாதய்யா, கையை எடு!" என்று அதட்டினார் அய்யாக்கண்ணு.